கட்டைவிரல் பேச்சு

ரிமோட் செத்தது செவ்வாய்க்கிழமை. படுக்கை விரிப்பை உருவிச் சுருட்டிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கியபோது உள்ளே ரிமோட் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் ஊறிவிட்டது. விரிப்பைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தபோதுதான் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உதறிப் பார்த்தாள். ரிமோட்டின் முதுகு பிளந்திருந்தது. பேட்டரி ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது.

வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயில் இல்லை. ஒரு வாரமாக வானம் மூடியே கிடந்தது. அவள் வேலை பார்க்கிற கம்பெனியில் ஒட்டிய அட்டைப்பெட்டிகள்கூடக் காயாமல் வாய் பிளந்துகொண்டிருந்தன. ரிமோட்டை அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். அரிசிக்குள் புதைத்து வைத்தாள். மறுநாள் புது பேட்டரி போட்டு அமுக்கினாள். பொத்தான் இடுக்கிலிருந்து ஒரு நுரை வந்தது, அவ்வளவுதான்.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. எழுந்து போய் டிவிக்கு அடியில் இருக்கிற பொத்தானை அமுக்கிக்கொள்வார்கள். இந்த வீட்டில் ரிமோட் பிடிக்கிறவர், அவள் புருஷன், கட்டிலை விட்டு எழுந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.

அவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஓடுகிற நூற்புக் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த இழையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்து ஒட்டுவது வேலை. ஒரு பக்கம் நானூறு கதிர் சுற்றும். எந்த மூலையில் எந்த இழை அறுந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மில்லில் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் காலை ஷிப்டில் அறுந்த இழையைப் பிடிக்கக் கை நீட்டியவர் வாதம் அடித்து அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு இல்லை, கால் இல்லை, இடது கை இல்லை. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது. கண் சிமிட்டுவார். ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

வீட்டின் பின்சுவரும் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பக்கச் சுவரும் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஓட்டை வழியாக டிவி சத்தம் வரும். தொடக்கத்தில் பொழுது போகட்டும் என்றுதான் ரிமோட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, துணி நாடாவால் தளர்வாகக் கட்டிவிட்டுப் போனாள். ஒரு நாள் டிவி திடீரென்று அலறியது. ஓடிவந்து, "காது செவிடாகிறதுக்கா இப்படி வைக்கிறீங்க" என்று திட்டிவிட்டுக் குறைத்தாள். மறுபடி அலறியது. மறுபடி திட்டினாள். மூன்றாவது தடவை வந்தபோதுதான் அவர் பார்வை தண்ணீர்ச் செம்பின் மேல் இருப்பதைக் கண்டாள்.

அப்புறம் அது ஒரு பாஷையாகிவிட்டது. சத்தம் ஏறி இறங்கினால் தாகம். சேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் முதுகு காந்துகிறது, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். டிவி அணைந்தால் மூச்சு முட்டுகிறது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். அட்டையில் கம்பிப் பின் குத்துகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்த அமைதி அவளுக்குக் கேட்டுவிடும். பக்கத்தில் உட்காரும் பெண்களுக்கும் அந்தப் பாஷை பழகிவிட்டது. "அக்கா, உன் வீட்டுக்காரர் தண்ணி கேட்கிறாரு பாரு" என்பார்கள். மேஸ்திரி ஒருவர்தான் முணுமுணுப்பார். அவரும் டிவி அணைந்தால் வழிவிட்டு நிற்பார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, ஆளையே காணோம்."

"ரிமோட் போயிடுச்சு மேஸ்திரி."

"உடம்புக்கு முடியலைன்னு லீவு கேட்டிருக்காங்க, சாவுன்னு கேட்டிருக்காங்க. ரிமோட் போயிடுச்சுன்னு இப்பத்தான் கேட்கிறேன்."

"அவரு கூப்பிட்டா எனக்குத் தெரியாதே."

"ஒரு பெல்லு வைக்கிறது."

"வச்சுப் பார்த்தாச்சு. மெஷின் சத்தத்துல பெல்லு கரைஞ்சு போயிடுது. அதுவும் இல்லாம பெல்லு ஒரே வார்த்தைதான் பேசும். தண்ணியா, திருப்பணுமா, மூச்சு முட்டுதான்னு எப்படித் தெரியும்?"

மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல இருக்கிற முதலாளிக்கு நான் பதில் சொல்லணும். திங்கட்கிழமை காலையில உன் இடத்துல நீ உட்கார்ந்திருக்கணும். இல்லைன்னா வேற ஆள் உட்காரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அவர் போன பிறகு அவள் மசித்த சோற்றைக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"கேட்டுச்சா? கேட்டிருக்கும். காது மட்டும் பாம்புக் காது." கரண்டியை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். "நான்தாங்க பண்ணினேன். உங்க நாக்கை நானே ஊறவச்சு, நானே அடிச்சுத் துவைச்சேன். கோபம் இருந்தா அப்புறம் வச்சுக்கங்க. இப்பச் சாப்பிடுங்க."

அவர் இரண்டு தடவை சிமிட்டினார். கோபம் இல்லை என்றா, சோறு வேண்டாம் என்றா, அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வந்தாள். அவள் பஸ் கண்டக்டர். வீட்டுக்குள் வந்தாலும் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுகிற குரலில்தான் பேசுவாள். மழைத் தூறலைத் துடைத்துக்கொண்டே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"அண்ணி, கிடைச்சிடுச்சு. எல்லா டிவிக்கும் ஆகுற ரிமோட்டு. ஒரே ரிமோட்டு, உலகத்துல இருக்கிற அத்தனை டிவியும் அது சொல்பேச்சு கேட்குமாம்."

"நம்ம டிவி கேட்குமா?"

"அதைத்தான் அது கிட்டயே கேட்கணும்."

பொட்டலத்துக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தால் கட்டில் அகலம் வந்தது. எறும்பு வரிசை மாதிரி கம்பெனிப் பெயர்களும் எதிரே எண்களும். தங்கை விரலை வைத்துத் தேடினாள். அவர்களுடைய டிவி பழைய பெட்டி டிவி. யாரோ விற்றதை வாங்கியது. முகப்பில் பெயர் இருந்த இடத்தில் இரண்டு பசைப் புள்ளிகள்தான் இருந்தன.

"பேரில்லாத பிள்ளைக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு" என்று தாளை மடித்தாள். "பரவாயில்லை. கடைக்காரர் இன்னொரு வழி சொல்லியிருக்காரு. செட்டுன்னு போட்டிருக்கிற பொத்தானை விடாம அமுக்கணும். சிவப்பு லைட்டு நின்னு எரியும். அப்புறம் அணைக்கிற பொத்தானை ஒரு தடவை அமுக்கணும். அதுவே ஒவ்வொரு நம்பரா எல்லாக் கம்பெனி டிவிகிட்டயும் 'அணைஞ்சுக்கோ, அணைஞ்சுக்கோ'ன்னு சொல்லிக்கிட்டே போகுமாம். நம்ம டிவியோட நம்பர் வந்ததும் டிவி அணைஞ்சிடும். அந்த நொடியிலயே ஓகேயை அமுக்கிடணும். அமுக்கினா அந்த நம்பரை மனசுல வச்சுக்கும். ஒரு நொடி விட்டாலும் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடும். திரும்ப முதல்லருந்துதான்."

"எத்தனை ஸ்டாப்பு?"

"எழுநூறோ என்னமோ சொன்னாரு."

அவள் ரிமோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். முனையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். "இதுலருந்து ஒண்ணும் வரலையே. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இது எப்படிச் சொல்லும்?"

"வருது. நம்ம கண்ணுக்குத் தெரியாது." தங்கை போனை எடுத்துப் படம் பிடிக்கிறதைத் திறந்து, அந்தக் குமிழுக்கு எதிரே பிடித்தாள். "இப்பப் பொத்தானை அமுக்கு. போனைப் பாரு, ரிமோட்டைப் பார்க்காதே."

அமுக்கினாள். போன் திரையில் அந்தக் குமிழுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் துடித்தது. ரிமோட்டைப் பார்த்தாள். வெறும் குமிழ். மறுபடி போனைப் பார்த்து அமுக்கினாள். துடித்தது. விட்டாள், நின்றது. ஐந்தாறு தடவை அப்படியே செய்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பழைய ரிமோட்டுலயும் இப்படித்தானா?"

"எல்லாத்துலயும் இப்படித்தான்."

"அப்போ இத்தனை நாளா அவரு பேசினதெல்லாம் இப்படி வெளிச்சமாத்தான் போயிட்டிருந்துச்சா. இந்த அறைக்குள்ள, என் கண்ணுக்கு முன்னாடியே." அவள் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். நாற்காலி, வாளி, காய்கிற துணி. அந்த வழியாக எத்தனை தடவை குறுக்கே நடந்திருப்போம் என்று நினைத்தவள் போல ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

போனை அவர் முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள். அவர் கண் அகலமாகத் திறந்தது. சிமிட்டவே இல்லை.

முதல் தடவை ரிமோட்டை அவளே பிடித்தாள். டிவியில் யாரோ நிலக்கடலைச் சாகுபடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று நம்பர்களைத் தாண்டிப் போனது. ஐந்து நிமிடம் போனது. அவள் கண் டிவியை விட்டு நகரவில்லை. கட்டைவிரல் ஓகேயின் மேலேயே இருந்தது. ஆறாவது நிமிடமோ ஏழாவதோ, பேச்சு நடு வார்த்தையில் அறுந்து திரை கறுத்தது.

ரிமோட் தரையில் விழுந்தது. அவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். ஒரு கை அவர் நெற்றியில், ஒரு கை நெஞ்சில். "என்னங்க, என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா?"

அவர் அவளைப் பார்த்தார். இரண்டு தடவை சிமிட்டினார்.

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தரையில் சிவப்பு விளக்கு எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த நம்பர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஓகேயை அமுக்குன்னா ஓடுற."

"டிவி அணைஞ்சுதே."

"அணையணும்னுதானே உட்கார்ந்திருக்கோம்."

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலை."

அடுத்ததற்குத் தங்கை பிடித்தாள். டிவியைக் கையால் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்போது நிலக்கடலை முடிந்து பாட்டு வந்தது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள். பாட்டு நின்றது. அவள் எழுந்தாள். கட்டிலைச் சுற்றி வர நேரம் இல்லாமல் குறுக்கே பாய்ந்ததில் தங்கையின் முழங்கையில் இடித்தாள். விரல் ஓகேக்குப் பதிலாக வேறு எதையோ அமுக்கியது. சிவப்பு விளக்கு அணைந்துபோனது.

தங்கை முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் பன்னிரண்டு வருஷம் கூட்ட நெரிசல்ல டிக்கெட் கொடுத்திருக்கேன். ஒருத்தரும் இப்படி இடிச்சதில்லை. நீ வெளியில போய் நில்லு."

"மழை பெய்யுது."

"நனை."

அவள் வெளியே கிளம்பினாள். நிலைப்படி வரைக்கும் போனவள் அங்கேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது ஆகாது. நாளைக்குப் போய் மேஸ்திரிகிட்டச் சொல்லிடறேன். வேற ஆளை வச்சுக்கட்டும். ஏழு வருஷமா உட்கார்ந்த இடம். சரி, போகட்டும்."

"அண்ணி."

"டிவி அணைஞ்சா நான் ஓடத்தான் செய்வேன். அதை எப்படி மாத்திக்கிறது?"

"அண்ணி, அண்ணனைப் பாரு."

அவர் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம், ஆமாம். வலது கை விரிப்பின் மேல் கிடந்தது. கட்டைவிரல் மடங்கியது, நிமிர்ந்தது, மடங்கியது.

"என்ன வேணும்? தண்ணியா?"

இரண்டு சிமிட்டல்.

"ரிமோட்டைக் கேட்கிறாரு" என்றாள் தங்கை.

ஒரு சிமிட்டல்.

"அது உங்களால முடியாதுங்க. ஒரு நொடிதான். எங்க ரெண்டு பேருக்கே தப்புது."

அவர் அவளையே பார்த்தார். ஒரு பக்கம் நானூறு கதிர் என்று அவள் யாரிடமோ பெருமையாகச் சொன்னதுண்டு. மில்லுக்குள் போய் அவர் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. அவள் நாடாவை எடுத்து வந்தாள். ரிமோட்டை உள்ளங்கையில் வைத்து, முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்து, முனை டிவியைப் பார்க்கும்படி கட்டினாள். தங்கை செட் பொத்தானை அமுக்கி ஓட்டிவிட்டாள்.

"ரைட், போகலாம்" என்றாள். அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

அவளை டிவிக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார்கள். அதனால் அவளுக்குத் திரை தெரியவில்லை. கட்டைவிரல்தான் தெரிந்தது. அது பொத்தானைத் தொடவில்லை. ஓர் அரிசி உயரத்தில் நின்றது. நகத்தின் ஓரத்தில் மில் நூல் அறுத்த பழைய தழும்பு இருந்தது. அந்த விரலை அவள் தினமும் கழுவுகிறாள், நகம் வெட்டுகிறாள். இப்படி அது நிற்பதை இதுவரை பார்த்ததில்லை. நடுக்கம் இல்லை. அவர் கண்ணும் அசையவில்லை. இரண்டு வருடமாகக் கூரையைப் பார்த்துக் கிடந்த கண் அது இல்லை. தகரக் கூரையில் மழை வலுத்தது. தங்கை நூற்றைம்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டுவிட்டாள். தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கால் மரத்துப்போனது. மாற்றி வைத்தால் கட்டில் ஆடிவிடுமோ என்று அப்படியே இருந்தாள்.

விரல் இறங்கியது.

அப்புறம்தான் டிவி சத்தம் நின்றுவிட்டது அவளுக்கு உறைத்தது. சத்தம் நின்று விரல் இறங்கியதா, விரல் இறங்கிச் சத்தம் நின்றதா, சத்தியம் செய்யச் சொன்னாலும் அவளால் சொல்ல முடியாது. நடுவில் ஒரு நூல் நுழைகிற இடைவெளிகூட இல்லை.

சிவப்பு விளக்கு மூன்று தடவை மினுங்கி அணைந்தது. "பிடிச்சிட்டாரு" என்றாள் தங்கை. "அண்ணே, போடு பார்க்கலாம்."

விரல் அமுக்கியது. திரை வெளுத்துப் படம் வந்தது. சத்தம் ஏறியது, இறங்கியது. சேனல் ஓடியது. அவள் தரையில் உட்கார்ந்தபடியே விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. விக்கல்தான் வந்தது. தங்கை தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

அப்போதுதான் அவர் கட்டைவிரலால் ரிமோட்டை மெல்ல நெம்ப ஆரம்பித்தார். தளர்ந்த நாடாவுக்குள் அதை இழுத்து இழுத்து, விரலை எண் பொத்தான்கள் வரை கொண்டுபோனார். படம் போய்த் திரை முழுக்கப் புள்ளியாக இரைந்தது. மூலையில் பச்சையாக ஓர் எட்டு தெரிந்தது.

"தப்பா பட்டுடுச்சு" என்று தங்கை செம்போடு வந்தாள். "எட்டுல ஒண்ணும் வராது அண்ணே."

எட்டு மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. மறுபடி எட்டு.

"இந்த நம்பரெல்லாம் பழைய ரிமோட்டுல கிடையாதே" என்றாள் அவள்.

"இருந்துச்சு. வாங்கும்போதே செத்துக் கிடந்துச்சு. நாலஞ்சு பொத்தான்தானே வேலை செஞ்சுது." தங்கை திரையைப் பார்த்தாள். "எட்டுன்னா என்ன, புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறாரா? எட்டுத் தம்ளர் தண்ணியா?"

இரண்டு சிமிட்டல்.

அவள் எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மில்லில் மெஷின்களுக்கு எண்தான். எட்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி பூட்டிக் கிடந்தது. நாளைக்குக் காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு என்னை வேலைக்குப் போகச் சொல்றீங்களா?"

ஒரு சிமிட்டல்.

இரண்டு வருடம் நான்கு மாதத்தில் அவர் கேட்டிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், வேண்டாம் என்றிருக்கிறார். இப்படிச் செய் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அதிகாரம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு பாரு உன் அண்ணன்."

"கேளு அண்ணி, இன்னும் கேளு. அண்ணே, என்னைப் பத்தி என்ன நினைக்கிற? பத்துக்கு எத்தனை?"

பச்சையாக ஒரு பூஜ்யம் விழுந்தது. தங்கை செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்குத்தான் மழையில நனைஞ்சு ரிமோட்டு வாங்கி வந்தேன்." அவர் வாயின் ஒரு பக்கம் கோணலாக ஏறியது.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்குச் சாப்பாட்டுக்கு வரட்டும்?"

ஒன்று.

"முதுகு எரிச்சல் பத்துக்கு எத்தனை?"

ஆறு. அவள் தலையாட்டிக்கொண்டாள். வலிக்கிறதா என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறாள். எவ்வளவு என்று கேட்க வழி இருந்ததில்லை. அந்த ஆறு மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் புள்ளிகள் இரைந்தன. கேட்க என்னென்னவோ இருந்தன, எண்ணில் அடங்குகிற மாதிரி கேட்க வேண்டும். அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே யோசித்தாள்.

"ஏங்க. நான் அந்தப் பக்கம் வேலையா இருக்கிறேனேன்னு, கூப்பிட வேண்டியவர் கூப்பிடாம விட்டிருக்கீங்களா?"

அவர் பார்வை சுவர் உச்சியில் இருந்த ஓட்டைக்குப் போய்வந்தது. பிறகு ஒரு தடவை சிமிட்டினார்.

"எத்தனை தடவை?"

தங்கை, "அண்ணி, அதெல்லாம் எதுக்கு" என்றாள்.

"இரு. சொல்லட்டும்."

விரல் மெதுவாக மேலே ஊர்ந்தது. திரையில் ஒன்பது வந்தது. அவள் ஒன்பதா என்று கேட்க வாயெடுத்தாள். அது மறைவதற்குள் விரல் அதே பொத்தானை இன்னொரு தடவை அமுக்கியது. இரண்டு ஒன்பதுகள் பக்கத்தில் பக்கத்தில் பச்சையாக நின்றன.

அந்த டிவியில் அதற்கு மேல் எண் கிடையாது.